பயிற்சியாளராக ஜிகோவை எப்படி மதிப்பிடுவது?

நடுக்களத்தான் கேட்கிறார்:

நண்பர்களுக்கு வணக்கம்.

நடுக்களத்தில் ஆடிக்கொண்டே முன்கள வீரர்களுக்கு இணையாகக் கோல் அடித்தவர்கள் என்று பேச்சு எடுத்தால், பிரேசிலின் ஜிகோவை விட்டுவிட்டு யாரும் அந்தப் பட்டியலைப் போட முடியாது. பிரேசில் அணிக்காக 71 ஆட்டங்களில் 48 கோல்கள். ஃபிளமெங்கோவுக்காக 500-க்கும் மேல். ரியோவின் மரக்கானா மைதானத்தில் மட்டும் 333 கோல்கள். அந்த மைதானத்தில் வேறு எவரும் அத்தனை அடித்ததில்லை. 1983-84 பருவத்தில் உடினீஸ் என்ற நடுத்தரமான இத்தாலிய அணியில் இருந்துகொண்டு 19 லீக் கோல்கள் அடித்தார். அந்த ஆண்டு முதலிடம் பிடித்த பிளாட்டினி அடித்தவை 20, அதுவும் ஜிகோவைவிட அதிக ஆட்டங்களில் ஆடி. 1981 டிசம்பரில் டோக்கியோவில் லிவர்பூலை ஃபிளமெங்கோ 3-0 என்று வென்ற ஆட்டத்தில் அவர் பெயரில் கோல் எதுவும் இல்லை என்றாலும், மூன்று கோல்களும் அவருடைய காலிலிருந்து தொடங்கியவையே.

இவையெல்லாம் நம்மில் பலருக்கும் தெரிந்தவை. நான் கேட்க வந்தது அவருடைய இரண்டாவது வாழ்க்கையைப் பற்றி. ஜப்பான் தேசிய அணி, துருக்கியின் ஃபெனர்பாஹ்சே, உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கர், மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ., கிரீஸின் ஒலிம்பியாகோஸ், இராக் தேசிய அணி, கத்தாரின் அல் கராஃபா, கடைசியாக நம் இந்தியன் சூப்பர் லீக்கில் எஃப்.சி. கோவா என்று ஏறக்குறைய 15 ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்திருக்கிறார். கோப்பைகளும் வென்றிருக்கிறார். இருந்தும், பெரிய ஆட்டக்காரர்களாக இருந்து பெரிய பயிற்சியாளர்களாகவும் ஆனவர்கள் என்று க்ரைஃப், பெக்கன்பவர், ஜிடேன் ஆகியோரைச் சொல்லும் இடத்தில் ஜிகோவை யாரும் சொல்வதில்லை.

இது நியாயமா என்று யோசிக்கும்போதெல்லாம் இரண்டு ஆட்டங்கள் குறுக்கே வந்து நிற்கின்றன. 2006 உலகக் கோப்பையில் கைசர்ஸ்லாட்டர்ன் நகரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 84-ஆவது நிமிடம் வரை 1-0 என்று முன்னிலையில் இருந்த ஜப்பான், 3-1 என்று தோற்றது. 2015 டிசம்பரில் கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் நடந்த ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டியில் 87-ஆவது நிமிடத்தில் 2-1 என்று முன்னிலை பெற்ற கோவா, சென்னையின் எஃப்.சி.யிடம் 3-2 என்று கோப்பையை இழந்தது. இரண்டிலும் பயிற்சியாளர் ஜிகோதான். இதைக் கெட்ட நேரம் என்று விட்டுவிடுவதா, அல்லது அவர் அணியை நடத்திய முறையிலேயே இதற்கான காரணம் இருந்ததா? அந்த ஆண்டுகளில் ஜப்பானின் ஆட்டங்களையும் துருக்கி லீக்கையும் தொடர்ந்து பார்த்தவர்கள் விளக்கமாக எழுதினால் மகிழ்வேன்.

கோல்கம்பம் எழுதுகிறார்:

ஜப்பான் காலத்தை ஓரளவு நெருக்கமாகப் பின்தொடர்ந்தவன் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2002-இல் அவர் பொறுப்பேற்றபோது ஜப்பான் அணி பிலிப் த்ருஸியே என்ற பிரெஞ்சுப் பயிற்சியாளரின் கையில் நான்கு ஆண்டுகள் வளர்ந்திருந்தது. பின்களத்தில் மூன்று பேர் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், அந்தக் கோடு எப்போது ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று அடிக்கு அடி சொல்லிக் கொடுத்தவர் த்ருஸியே. ஜிகோ வந்தவுடன் அந்தக் கட்டுகளை அவிழ்த்துவிட்டார். ஜமைக்காவுக்கு எதிரான தம் முதல் ஆட்டத்திலேயே நகாடா, நகமுரா, ஓனோ, இனமோட்டோ ஆகிய நால்வரையும் நடுக்களத்தில் ஒருசேர இறக்கினார். திறமை உள்ளவர்களைக் களத்தில் இறக்கி, முடிவுகளை அவர்களிடமே விட்டுவிட வேண்டும் என்பதே அவருடைய கொள்கை. 1982-இல் பிரேசில் அணியில் சாக்ரடீஸ், ஃபால்காவ், செரெசோ ஆகியோருடன் பயிற்சியாளர் டெலே சந்தானாவின் கீழ் ஆடிய ஒருவர் வேறு எப்படி யோசிப்பார்?

அந்தக் கொள்கையால் ஜப்பானுக்குக் கிடைத்தது என்ன என்பதைப் பார்க்காமல் கைசர்ஸ்லாட்டர்னுக்குத் தாவக் கூடாது. 2004 பிப்ரவரியில் ஓமானுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் நகமுரா பெனால்டியை வீணடித்துவிட்டார். கோல் இல்லாமல் ஆட்டம் முடியப் போகும் நேரத்தில், காயத்துக்கான கூடுதல் நிமிடங்களில் குபோ அடித்த கோலால் ஜப்பான் 1-0 என்று வென்றது. ஓராண்டு கழித்து வட கொரியாவுக்கு எதிரான ஆட்டத்திலும் அப்படியே, 90 நிமிடங்கள் கடந்த பிறகு ஒகுரோ அடித்த கோலால் 2-1. அதே ஆண்டு ஜூன் மாதம் பாங்காக்கில், பார்வையாளர்கள் அனுமதிக்கப்படாத மைதானத்தில் வட கொரியாவை மீண்டும் வென்று ஜப்பான் ஜெர்மனி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

இவற்றைவிட முக்கியமானது 2004 ஆசியக் கோப்பை. சீனாவில் நடந்த அந்தத் தொடருக்கு நகாடா, ஓனோ, இனமோட்டோ ஆகியோர் இல்லாமல்தான் ஜப்பான் சென்றது. சோங்கிங் நகரில் காலிறுதி. ஜோர்டானுடன் 1-1 என்று முடிந்து பெனால்டி ஷூட் அவுட்டுக்குப் போனது. முதலில் வந்த நகமுராவின் இடது கால் புல்தரையில் வழுக்கியது, பந்து மேலே பறந்தது. இரண்டாவதாக வந்த சான்டோஸுக்கும் அதே கதி. அப்போது அணித்தலைவர் மியாமோட்டோ நேராக மலேசிய நடுவரிடம் போய், தரை பெயர்ந்து கிடக்கிறது, இந்தப் பக்கத்தில் தொடர்வது முறையல்ல என்று வாதாடினார். நடுவர் ஏற்றுக்கொண்டு மறுபக்கக் கோலுக்கு மாற்றினார். அதன் பிறகு கோல்கீப்பர் கவாகுச்சி தடுத்த தடுப்புகளால், தோற்றுவிட்டதாகவே கருதப்பட்ட ஆட்டத்தை ஜப்பான் 4-3 என்று வென்றது. பயிற்சியாளர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்க, தலைவன் தானே யோசித்து, தானே பேசி ஆட்டத்தைத் திருப்பினான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். த்ருஸியேயின் அணியில் இது நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

அரையிறுதியில் பஹ்ரைனுக்கு எதிராக முதல் பாதியிலேயே எண்டோ சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பத்துப் பேருடன் ஆடிய ஜப்பான் 3-2 என்று பின்தங்கியிருந்தது. 90-ஆவது நிமிடத்தில், பின்கள வீரரான நகஸாவா முன்னால் ஓடிவந்து தலையால் முட்டிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் தமாடா வெற்றிக் கோலை அடித்தார். பெய்ஜிங்கில் நடந்த இறுதிப் போட்டியில், மைதானம் முழுவதும் எதிர்ப்புக் கூச்சல் எழுந்த நிலையில், சீனாவை 3-1 என்று வீழ்த்திக் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

இப்போது கைசர்ஸ்லாட்டர்ன். ஜூன் மாத வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம். 26-ஆவது நிமிடத்தில் நகமுரா தூக்கிப் போட்ட பந்து, ஆஸ்திரேலியக் கோல்கீப்பர் ஷ்வார்ட்சர் ஜப்பானிய வீரர்களோடு மோதித் தடுமாறிய நேரத்தில், யார் காலும் படாமல் உள்ளே போனது. அதன் பிறகு ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் ஹிட்டிங்க் ஒவ்வொருவராகத் தாக்குதல் ஆட்டக்காரர்களை இறக்கினார்: கேஹில், உயரமான கென்னடி, அலோய்ஸி. ஜப்பானின் பின்களம் பின்வாங்கிக்கொண்டே போனது. தடுப்பாட்டக்காரர்கள் ஆழத்தில் நின்று காக்க நினைத்தார்கள். நகாடாவோ முன்னேறி நெருக்கவேண்டும் என்ற கருத்தில் இருந்தார். இரண்டுக்கும் இடையில் பெரிய வெற்றிடம் உண்டானது. 79-ஆவது நிமிடத்தில் ஜிகோ செய்த மாற்றத்தைத்தான் ஜப்பானில் இன்றுவரை விவாதிக்கிறார்கள். முன்கள வீரர் யனகிஸாவாவை எடுத்துவிட்டு நடுக்கள வீரர் ஓனோவை இறக்கினார். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்த வேண்டும் என்பது அவர் எண்ணமாக இருந்திருக்கலாம்; ஆனால் காப்பதா, ஏறுவதா என்று ஏற்கெனவே குழம்பி நின்ற அணிக்கு அந்த மாற்றம் எந்தப் பதிலையும் தரவில்லை. 84-ஆவது நிமிடத்தில் கேஹில், 89-ஆவது நிமிடத்தில் மீண்டும் கேஹில், கூடுதல் நிமிடங்களில் அலோய்ஸி.

ஆகவே என் பதில் இது. ஜிகோவின் அணிகளில் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்கள் எப்போதும் திறந்தே கிடந்தன. ஆட்டத்தைப் பூட்டுவதற்கென்று அவர் தனியாக ஏதும் சொல்லிக் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. திறந்த கதவு வழியாக ஓமான், வட கொரியா, பஹ்ரைன் ஆட்டங்களில் வெற்றி உள்ளே வந்தது. அதே கதவு வழியாக ஆஸ்திரேலிய ஆட்டத்தில் வெளியே போயிற்று. முன்னதை வீரர்களின் மன உறுதி என்றும் பின்னதைப் பயிற்சியாளரின் தவறு என்றும் பிரித்துச் சொல்வது சரியான கணக்கு ஆகாது.

மஞ்சள்நீலம் எழுதுகிறார்:

கோல்கம்பம் அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஜிகோவின் முறையை ஜப்பானை வைத்து மட்டும் எடைபோட்டால் பாதிதான் கிடைக்கும். ஒரு தேசிய அணிப் பயிற்சியாளருக்கு வீரர்கள் ஆண்டில் சில வாரங்களே கிடைக்கிறார்கள். தினமும் வீரர்களோடு இருந்த இடத்தில் அவர் என்ன செய்தார் என்பதற்கு ஃபெனர்பாஹ்சேயைப் பார்க்க வேண்டும்.

2006-இல் ஜெர்மனியிலிருந்து நேராக இஸ்தான்புல்லுக்குப் போனார். ஃபெனர்பாஹ்சே தொடங்கி நூறாண்டு நிறைவடைந்த 2006-07 பருவத்தில் லீக் பட்டத்தை வென்று கொடுத்தார். நூற்றாண்டில் பட்டம் இல்லாவிட்டால் அந்த ரசிகர்கள் எந்தப் பயிற்சியாளரையும் சும்மா விட்டிருக்க மாட்டார்கள் என்பது துருக்கிக் கால்பந்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். அடுத்த பருவத்தில் சாம்பியன்ஸ் லீக். இன்டர் மிலான், பி.எஸ்.வி., சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோ இருந்த பிரிவிலிருந்து இரண்டாம் இடம் பிடித்து முன்னேறினார்கள். இன்டரைத் தம் மண்ணில் 1-0 என்று வென்றார்கள்.

அடுத்த சுற்றில் செவியா. முதல் ஆட்டத்தை இஸ்தான்புல்லில் 3-2 என்று வென்றுவிட்டு ஸ்பெயினுக்குப் போன அணி, அங்கே ஒன்பது நிமிடங்களுக்குள் இரண்டு கோல்களை வாங்கியது. இரண்டும் தூரத்திலிருந்து அடிக்கப்பட்டவை. இரண்டிலும் கோல்கீப்பர் வோல்கன் டெமிரெல் சொதப்பினார். அப்படிப்பட்ட தொடக்கத்துக்குப் பிறகு பல பயிற்சியாளர்கள் இடைவேளையில் கோல்கீப்பரை மாற்றியிருப்பார்கள். ஜிகோ மாற்றவில்லை. ஃபெனர்பாஹ்சேயின் டெய்விட் இரண்டு கோல்கள் அடிக்க, ஆட்டம் 3-2 என்று செவியா பக்கம் முடிந்து, மொத்தக் கணக்கு 5-5 என்று சமமாகி, பெனால்டி ஷூட் அவுட்டுக்குப் போனது. அதில் மூன்று பெனால்டிகளைத் தடுத்து அணியைக் காலிறுதிக்குக் கொண்டுசென்றவர் அதே வோல்கன். வீரனை நம்புவது என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் அந்த இரவைத்தான் சொல்வேன்.

காலிறுதியில் செல்சியை இஸ்தான்புல்லில் 2-1 என்று வென்றார்கள். டெய்விட் முதலில் ஒரு சேம் சைடு கோல் போட்டார். இரண்டாம் பாதியில் காஸிம் சமன் செய்ய, டெய்விட்டே வெகு தூரத்திலிருந்து அடித்த அடியால் அணி வென்றது. தவறு செய்தவரைத் தலைகுனிய விடாத சூழல் அணிக்குள் இருந்தால்தான் இப்படி நடக்கும். லண்டனில் நடந்த மறு ஆட்டத்தில் தொடக்கத்திலேயே பல்லாக் அடித்தார்; கடைசி நேரத்தில் லாம்பார்ட் இரண்டாவதை அடித்தார். மொத்தத்தில் 3-2 என்று வெளியேறினார்கள். ஐரோப்பாவின் இந்த உயரிய போட்டியில் ஃபெனர்பாஹ்சே அதற்கு முன்போ பின்போ அவ்வளவு தூரம் போனதில்லை.

அந்த ஆண்டு லீக் பட்டம் கலத்தசராய்க்குப் போனது. 2008 கோடையில் ஜிகோவும் போனார். என் பார்வையில் அவருடைய பயிற்சி வாழ்க்கை திசைமாறியது அங்கேதான். அதன் பிறகு எந்த இடத்திலும் வேரூன்றும் அளவுக்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ரிவால்டோ ஆடிய புன்யோத்கரில் லீக், கோப்பை இரண்டையும் வென்றார். சி.எஸ்.கே.ஏ.வில் 2009-இல் ரஷ்ய சூப்பர் கோப்பையையும் ரஷ்யக் கோப்பையையும் வென்றார், செப்டம்பரில் நீக்கினார்கள். அதே மாதம் ஒலிம்பியாகோஸ். ஆர்சனல் இருந்த பிரிவிலிருந்து அணியைச் சாம்பியன்ஸ் லீக்கின் கடைசி 16-க்குக் கொண்டுபோனார். ஜனவரியில் அங்கும் நீக்கம். இராக்கை உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் இறுதிக் கட்டம் வரை அழைத்துச் சென்று 2012 நவம்பரில் விலகினார்.

வீரர்களிடம் பொறுப்பை ஒப்படைக்கும் முறை பலன் தர, அந்த வீரர்களை அவர் அறிந்துகொள்ளவும் அவர்கள் அவரை அறிந்துகொள்ளவும் காலம் வேண்டும். இரண்டு முழுப் பருவங்கள் கிடைத்த இஸ்தான்புல்லிலும், நான்கு ஆண்டுகள் கிடைத்த ஜப்பானிலும் அது பலன் தந்தது. சில மாதங்களில் கணக்குப் பார்க்கும் நிர்வாகங்களிடம் அவர் போயிருக்கவே கூடாது என்பது என் வருத்தம்.

நடுக்களத்தான்:

இருவருக்கும் நன்றி. வோல்கனைப் பற்றிய செய்தியையும் மியாமோட்டோ நடுவரிடம் பேசியதையும் சேர்த்துப் படிக்கும்போது, அவர் அணிகளில் வீரர்களுக்கு இருந்த இடம் தெளிவாகப் புரிகிறது. ஆனால் ஃபடோர்டாவைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. கோவாவில் அவர் மூன்று பருவங்கள் இருந்தார். அங்கே போதுமான காலம் கிடைத்தது என்றுதானே சொல்ல வேண்டும்? சென்னை ரசிகர்கள் யாராவது இருந்தால் அந்த இறுதிப் போட்டியை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

தென்கோல்வலை எழுதுகிறார்:

சென்னையின் எஃப்.சி. ரசிகனாகவே எழுதுகிறேன், ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2015 பருவத்தில் லீக் கட்டத்தில் முதலிடம் பிடித்த அணி கோவா. மும்பையை 7-0 என்று நொறுக்கினார்கள். ஹாவ்கிப்பும் டுடுவும் ஆளுக்கு மூன்று கோல்கள். பின்களத்தில் 2002 உலகக் கோப்பையை வென்ற லூசியோ; வலப்பக்கம் ஃபிளமெங்கோவில் நெடுங்காலம் ஆடிய லியோ மோரா. எங்கள் அணியோ ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்தது. பயிற்சியாளர் மாட்டெராஸியின் கீழ் கடைசி லீக் ஆட்டங்களை அடுத்தடுத்து வென்றுதான் அரையிறுதிக்கே வந்தோம். டிசம்பர் மழையில் சென்னை மூழ்கிக் கிடந்ததால் எங்கள் சொந்த மைதானத்து அரையிறுதியைப் புனேயில் ஆட வேண்டியதாயிற்று. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்றதுதான் எங்களை இறுதிக்குக் கொண்டுவந்தது.

டிசம்பர் 20 அன்று ஃபடோர்டாவில் நாங்கள் முதலில் கோல் அடித்தோம், பெலிஸாரி. சில நிமிடங்களிலேயே ஹாவ்கிப் சமன் செய்தார். பிறகு 87-ஆவது நிமிடத்தில் ஜோஃப்ரே அடித்த ஃப்ரீ கிக் உள்ளே போனபோது, கோப்பை கோவாவுக்கே என்று மைதானமே முடிவு செய்துவிட்டது. இந்த இடத்தில்தான் கோல்கம்பம் அவர்கள் சொன்ன திறந்த கதவை நான் பார்க்கிறேன். மூன்று நிமிடங்களும் காயத்துக்கான கூடுதல் நேரமும்தான் மீதி. கைவசம் முன்னிலை இருக்கிறது. எதிரே இருப்பது எங்கள் மெண்டோசா. அந்தப் பருவத்தில் 13 கோல்கள் அடித்தவர், கொஞ்சம் இடம் கிடைத்தால் ஓடியே கொன்றுவிடுவார் என்று லீக் முழுவதும் அறிந்தவர். அவருக்கு ஓட இடமில்லாமல் செய்வதை விட வேறு வேலை அந்த நேரத்தில் கோவாவுக்கு இருந்திருக்க முடியாது. ஆனால் இடம் கிடைத்தது. 90-ஆவது நிமிடத்தில் கோல்கீப்பர் கட்டிமணியின் பெயரில் சேம் சைடு கோல். அதிலிருந்து அவர்கள் மீள்வதற்குள் மெண்டோசாவின் கோல். 3-2.

கட்டிமணியைப் பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே ஆட்டத்தில் மெண்டோசாவின் பெனால்டியைத் தடுத்தவர் அவர். அவரைத் தனியாகத் தவிக்கவிட்டது அவருக்கு முன்னால் இருந்த அமைப்பு. பத்துப் பேரையும் பின்னால் நிறுத்தி, பந்தை வெளியே அடித்து, நேரத்தைத் தின்று கோப்பையை வாங்கியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்கப் போவதில்லை. அப்படி ஆடச் சொல்வது ஜிகோவின் வாயில் வராத வார்த்தை என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த பருவம் கோவாவுக்குக் கடைசி இடம். அதிலும் தம் கடைசி ஆட்டத்தில் எங்களை 5-4 என்று வென்றார்கள். ஒரே ஆட்டத்தில் ஒன்பது கோல்கள்! பட்டியலின் அடியில் இருக்கும் அணிகூட அவர் கையில் இப்படித்தான் ஆடியது. ஆனால் மூன்று பருவங்களை வெறும் முடிவுகளாக மட்டும் பார்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மந்தார் ராவ் தேசாய், ரோமியோ ஃபெர்னாண்டஸ் போன்ற உள்ளூர் இளைஞர்களைப் பெயருக்கு அணியில் வைத்துக்கொள்ளாமல் பெரிய ஆட்டங்களில் இறக்கி வளர்த்தார். ரோமியோ 2015-இல் பிரேசிலின் அட்லெடிகோ பரனென்ஸே கிளப்புக்கு ஆடப் போனார். ஓர் இந்திய ஆட்டக்காரர் பிரேசில் கிளப்பின் சட்டையை அணிவது அதற்கு முன் கனவிலும் நினைத்துப் பார்க்காத ஒன்று.

குவின்டினோ எழுதுகிறார்:

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜிகோவைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். ஆட்டக்காரர் ஜிகோவுக்கும் பயிற்சியாளர் ஜிகோவுக்கும் நடுவில் இன்னொரு காலம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவரை மதிப்பிட முடியாது என்பது என் கருத்து.

1991-இல், 38 வயதில், அவர் ஜப்பானின் காஷிமா என்ற தொழிற்சாலை ஊருக்குப் போனார். சுமிடோமோ மெட்டல்ஸ் என்ற எஃகு நிறுவனத்தின் அணி அது. அப்போது இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. ஜப்பானின் தொழில்முறை லீக்கான ஜே-லீக் தொடங்கவிருந்த நேரம். புதிய லீக்கில் சேர காஷிமா விண்ணப்பித்தபோது, லீக்கின் பொறுப்பில் இருந்த கவபுச்சி, கூரையோடு கூடிய 15,000 இருக்கைகள் கொண்ட கால்பந்து மைதானத்தைக் கட்டினால் ஒழிய 99.9999 சதவீதம் வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிட்டார். அவர்கள் கட்டினார்கள். 1993 மே மாதம் லீக்கில் தங்கள் முதல் ஆட்டத்தில் நகோயாவை 5-0 என்று வென்றார்கள். மூன்று கோல்கள் ஜிகோவுடையவை. அப்போது அவருக்கு வயது 40. முதல் கட்டப் பட்டத்தையும் அந்தச் சின்ன ஊர் அணியே வென்றது.

கோல்களைவிட முக்கியமானது அவர் அங்கே உண்டாக்கிய ஒழுங்கு. தொழில்முறைக் கால்பந்து என்றால் என்ன என்றே அறியாத ஓர் அணியில், காலணியைப் பராமரிப்பது முதல் தோல்விக்குப் பிறகு உடைமாற்றும் அறையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது வரை அவர் விடாமல் வற்புறுத்தினார். இது அவருடைய சொந்த அனுபவத்திலிருந்து வந்தது. 14 வயதில் ஃபிளமெங்கோவில் சேர்ந்தபோது அவர் எலும்பும் தோலுமான சிறுவன். பல ஆண்டுகள் உடற்பயிற்சி, உணவு, மருத்துவம் என்று திட்டமிட்டு உருவாக்கப்பட்ட உடல் அவருடையது. பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு கோலின் மேல் மூலையில் சட்டையைத் தொங்கவிட்டு அதைக் குறிபார்த்து ஃப்ரீ கிக் அடித்தவர். பிறவித் திறமை என்று நாம் சொல்லிக்கொள்வதன் பின்னால் அந்த உழைப்பு இருந்தது. அதையே காஷிமாவிடமும் கேட்டார். அர்ப்பணிப்பு, நேர்மை, மதிப்பு ஆகிய மூன்றையும் ஜிகோவின் உணர்வு என்ற பெயரில் அந்தக் கிளப் இன்றும் தன் கொள்கையாக வைத்திருக்கிறது.

அதன் விளைவு அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் முழுமையாகத் தெரிந்தது. 1996-க்கும் 2016-க்கும் இடையில் எட்டு முறை லீக் பட்டம். 2000-இல் லீக், லீக் கோப்பை, பேரரசர் கோப்பை மூன்றையும் ஒரே ஆண்டில். 2016 கிளப் உலகக் கோப்பை இறுதியில் ரியல் மாட்ரிட்டைக் கூடுதல் நேரம் வரை இழுத்துச் சென்றார்கள். 2018-இல் ஜிகோவைத் தொழில்நுட்ப இயக்குநராகத் திரும்ப அழைத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அதுவரை கைகூடாமல் இருந்த ஆசிய சாம்பியன்ஸ் லீக்கையும் வென்றார்கள்.

ஓர் ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடங்களைக் காப்பாற்றத் தெரியாதவர் என்று வேண்டுமானால் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஓர் அணியை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கட்டி, தாம் இல்லாத காலத்திலும் அது வெல்லும்படி செய்த ஆட்டக்காரர்கள் எத்தனை பேர்?

கோல்கம்பம்:

குவின்டினோ அவர்கள் எழுதியதில் எனக்கு ஓர் இடத்தில் மட்டும் மாற்றுக் கருத்து உண்டு. அணியைக் கட்டுவதும் ஆட்டத்தை நடத்துவதும் வேறு வேறு வேலைகள். ஒன்றில் பெற்ற பெயரை இன்னொன்றின் கணக்கில் எழுதக் கூடாது. காஷிமாவைச் சேர்க்க முடியாது என்று ஒரு காலத்தில் சொன்ன அதே கவபுச்சிதான் 2002-இல் ஜப்பான் கால்பந்துச் சங்கத்தின் தலைவராகி, ஜிகோவைத் தேசிய அணிக்குப் பயிற்சியாளராக நியமித்தார். அதுவரை ஜிகோ ஒரு தேசிய அணியையும் தலைமைப் பயிற்சியாளராக நடத்தியதில்லை. காஷிமாவில் கண்ட ஜிகோவை நம்பித்தான் அந்த நியமனம் நடந்தது. காஷிமாவில் அவருக்கு ஆண்டு முழுவதும் வீரர்கள் கிடைத்தார்கள். தினமும் காலையில் அவர்களோடு மைதானத்தில் நிற்க முடிந்தது. தேசிய அணியில் அது முடியாது. சங்கம் அவருக்கு இளைஞர் அமைப்பையோ பயிற்சி மையங்களையோ ஒப்படைத்துவிட்டு, பெஞ்சில் வேறொருவரை உட்கார வைத்திருந்தால் ஜப்பானுக்கு இரண்டு பலனும் கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அப்போது 2004 ஆசியக் கோப்பையை அந்த அணி அப்படி வென்றிருக்குமா என்று மஞ்சள்நீலம் கேட்டால், என்னால் உறுதியாக ஆம் என்று சொல்ல முடியாது.